விமானங்களின் இருப்பிடத் தகவலைப் பிடிக்க வீட்டிலேயே ஓர் அனைத்துத்திசை ஆன்டெனா

வானில் பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தங்கள் அடையாள எண், உயரம், வேகம், இருப்பிடம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே செல்கின்றன. ஏ.டி.எஸ்.-பி எனப்படும் இந்த முறையில் இருப்பிடம் மட்டும் வினாடிக்குச் சுமார் இரண்டு முறை ஒலிபரப்பாகிறது. அதற்கு மறைகுறியாக்கம் எதுவும் இல்லை. தொலைக்காட்சி பார்ப்பதற்கென உருவான, கணினியில் செருகும் சிறு கருவிகளான யு.எஸ்.பி. டாங்கிள்களில் உள்ள ஆர்.டி.எல்.2832யு சிப்பைப் பொது ரேடியோவாகவும் பயன்படுத்த முடியும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அதையடுத்து சால்வத்தோரே சான்ஃபிலிப்போ எழுதி இலவசமாக வெளியிட்ட டம்ப்1090 என்ற மென்பொருள், இந்த அறிவிப்புகளைப் படித்து வரைபடத்தில் காட்டும் வேலையைச் சாதாரணக் கணினிக்கும் எட்டச் செய்தது. ரிசீவர் மலிவு, மென்பொருள் இலவசம். குறை இருப்பது பெரும்பாலும் டாங்கிளோடு வரும், காந்த அடி கொண்ட குட்டைக் குச்சி ஆன்டெனாவில்தான். ஏனெனில் அது பெரும்பாலும் 1090 மெகாஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதாக இருப்பதில்லை. அதனுடன் வரும் மெல்லிய கேபிளும் கணிசமான சமிக்ஞையை வழியிலேயே விழுங்கிவிடும்.

அந்தக் குச்சிக்கு மாற்றாக, ஒரு கனெக்டர், அரை மீட்டருக்கும் குறைவான செம்புக் கம்பி, நான்கு திருகுகள் ஆகியவற்றைக் கொண்டு கால் அலை கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள நடுக் கம்பியும், தரைக்குப் பதிலாக அதன் அடியில் விரியும் கம்பிகளும் கொண்டது) ஒன்றைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். இதைவிட அதிக ஈட்டம், அதாவது வேண்டிய திசைகளில் சமிக்ஞையைக் கூடுதலாகப் பிடிக்கும் திறன், தரும் வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பின்னர் தொட்டுச் செல்கிறேன். ஆயினும் முதலில் செய்யவேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக அளந்து வெட்டி, வெளியே உயரத்தில் வைத்து, குறைந்த நீளமுள்ள நல்ல கேபிளில் இணைத்த இந்த எளிய ஆன்டெனா, ஜன்னல் ஓரத்தில் வைத்த விலையுயர்ந்த ஆன்டெனாவை எளிதில் மிஞ்சிவிடும்.

அனைத்துத்திசை என்றால் என்ன

விமானம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால், ஒரே திசையை நோக்கும் யாகி வகை ஆன்டெனா இங்கே உதவாது. அனைத்துத்திசை ஆன்டெனா என்பது கிடைமட்டத்தில் நாற்புறமும் அலைகளைச் சமமாக வாங்கும் ஆன்டெனாவே தவிர, மேலும் கீழுமாக எல்லாத் திசையிலும் சமமாக வாங்குவது அல்ல. செங்குத்தாக நிற்கும் கம்பியின் வாங்கும் வடிவம், அந்தக் கம்பியை நடுவில் வைத்துத் தரையில் கிடத்திய டயர் ட்யூபைப் போன்றது: பக்கவாட்டில் வலுவாகவும், கம்பியின் நேர் மேலே ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் இருக்கும். தலைக்கு நேர் மேலே செல்லும் விமானம் சில வினாடிகள் மங்கிப்போவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த விமானம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதாலும், இந்த அறிவிப்புகளை அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர் கருவி நூற்றுக்கணக்கான வாட் திறனில் பேசுவதாலும் நடைமுறையில் இழப்பு பெரிதாகத் தெரியாது.

இந்த அலைகள் செங்குத்து முனைவாக்கம் கொண்டவை, அதாவது அவற்றின் மின்புலம் மேலும் கீழுமாக அதிர்கிறது. ஆகவே நம் கம்பியும் செங்குத்தாகவே நிற்கவேண்டும். அழகுக்காகவோ வசதிக்காகவோ அதைப் படுக்கவைத்தால் சமிக்ஞையின் பெரும்பகுதி கைநழுவிப் போகும்.

அளவுகள்

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 300-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் விடை மீட்டரில் வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1090 மெகாஹெர்ட்ஸுக்கு முழு அலைநீளம் 275 மி.மீ.; அதில் கால் பங்கு ஏறத்தாழ 68.8 மி.மீ. எனினும் கம்பிக்குத் தடிமன் இருப்பதால் அது மின்சாரத்துக்குத் தன் உண்மை நீளத்தைவிடச் சற்று நீளமாகவே தோன்றும். அதை ஈடுகட்ட நடுக் கம்பியை 4 விழுக்காடு அளவுக்குக் குறைத்து 66 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறோம். கம்பி தடிக்கத் தடிக்க இந்தக் குறைப்பும் சிறிது கூடும்.

நடுக் கம்பியின் அடியிலிருந்து விரிந்து கீழ்நோக்கிச் சாயும் நான்கு ரேடியல் கம்பிகளுக்கு இந்த அளவு கண்டிப்பு தேவையில்லை. திருகின் மையத்திலிருந்து நுனிவரை 70 மி.மீ. இருந்தால் சரியாக வேலை செய்யும். ஓரிரு மில்லிமீட்டர் கூடினாலும் பாதகமில்லை. நடுக் கம்பியில் மட்டும் கவனம் தேவை. அதில் 1 மி.மீ. பிழை என்பது 1.5 விழுக்காடு, அதாவது ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணில் சுமார் 16 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. கால் அலை ஆன்டெனா அகலமான அதிர்வெண் பட்டையை ஏற்பது என்பதால் 1 மி.மீ. பிழையை அது பொறுத்துக்கொள்ளும்; 5 மி.மீ. பிழை என்றால் பலன் குறைவது தெரியும்.

ரேடியல்களை ஏன் சாய்க்கிறோம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அவை தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் ஆன்டெனாவின் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை; கேபிளுடையதோடும் ரிசீவருடையதோடும் இது பொருந்தவேண்டும்) 36 ஓம் அளவில் இருக்கும். நேர் கீழே தொங்கினால் அது இருமுனை ஆன்டெனாவாக மாறி 73 ஓமை நெருங்கும். இடையில் 45 பாகை சாய்வில் ஏறத்தாழ 50 ஓம் கிடைக்கிறது. பெரும்பாலான ரிசீவர்கள் எதிர்பார்ப்பதும் அதுவே. பொருத்தும் சுற்று எதுவும் இல்லாமல், கம்பியை வளைக்கும் கோணத்தாலேயே மின்மறுப்பைச் சரிசெய்துகொள்ள முடிவதுதான் இந்த வடிவத்தின் அழகு. மார்க்கோனி தம் ஆரம்ப காலச் சோதனைகளில் ஒரு முனையை மண்ணில் இணைத்து மறுமுனையை உயரத் தூக்கினார். இங்கே மண்ணுக்குப் பதிலாக நான்கு கம்பிகள் நிற்கின்றன, அவ்வளவே.

தேவையானவை

சதுரத் தகடும் நான்கு மூலைத் துளைகளும் கொண்ட, தகட்டில் பொருத்தும் ‘என்’ (N) வகைப் பெண் கனெக்டர் ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் எஸ்.ஓ.-239 கனெக்டரையும் பயன்படுத்தலாம். இந்த அதிர்வெண்ணில் அது ‘என்’ வகை அளவுக்குத் துல்லியமானது அல்ல. எனினும் அலைகளை வாங்குவதற்கு மட்டும் பயன்படும் ஆன்டெனாவில் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கம்பிக்கு, வீட்டு மின்னிணைப்பில் பயன்படும் ஒற்றைக் கம்பிச் செம்பு ஒயர் மிகவும் பொருத்தமானது. 2.5 சதுர மி.மீ. ஒயரின் உள்ளே இருக்கும் செம்பு சுமார் 1.8 மி.மீ. விட்டம் கொண்டது, அது தானாக நிமிர்ந்து நிற்கும், கையாலும் வளையும். பல நுண்கம்பிகளைத் திரித்த ஒயர் இதற்கு உதவாது. இவை தவிர நான்கு எம்3 திருகுகளும் நட்டுகளும், பல் வாஷர்கள், சால்டரிங் அயர்ன், ஈயம், ஒரு கொறடு, உப்புத்தாள், மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாகத் தெரியும் இரும்பு அளவுகோல் ஆகியவை போதும். வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது.

செய்முறை

ஒயரின் மேலுறையை நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, கம்பியை நேராக்கவேண்டும். ஒரு முனையைப் பிடிமானத்தில் இறுக்கி, மறுமுனையைக் கொறட்டால் பற்றி ஒருமுறை வலுவாக இழுத்தால், கையால் நீவிச் சரிசெய்ய முடியாத நெளிவுகள்கூட மறைந்துவிடும். பிறகு நடுக் கம்பிக்காக 75 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டும், ரேடியல்களுக்காக 85 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டுகளும் வெட்டிக்கொள்ளுங்கள். கூடுதலாக உள்ளவை பிடிப்பதற்கும் வளைப்பதற்கும் ஆனவை. இறுதி அளவுக்கு வெட்டுவது கடைசி வேலையாகவே இருக்கட்டும், ஏனென்றால் நீளமான கம்பியைக் குறைக்கலாம், குறைந்த கம்பியை வளர்க்க முடியாது.

கனெக்டரின் மரை உள்ள பக்கம் கீழே இருக்கவேண்டும். கேபிள் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இணையும். மேற்பக்கத்தில், வெள்ளைக் காப்புப் பொருளின் நடுவிலிருந்து சிறு கிண்ணம் போன்ற முனையோடு ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். நடுக் கம்பி நிற்கவேண்டிய இடம் அதுதான்.

இந்த ஒரு பற்றவைப்பில் அவசரம் கூடாது. கம்பியின் நுனியில் 10 மி.மீ. அளவை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்து, முதலில் அந்த நுனிக்குத் தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள். கிண்ணத்துக்குள்ளும் சிறிது ஈயத்தை உருக்கி வையுங்கள். பிறகு கம்பியைக் கிண்ணத்தில் செருகி, அயர்னின் முனையைக் கிண்ணத்தின் வெளிச் சுவரில் வையுங்கள். கம்பியின் மேல் வைக்கவேண்டாம். செம்பு வெப்பத்தை விரைவாக மேலே கடத்திவிடும் என்பதால் முதல் சில வினாடிகளுக்கு எதுவும் நடக்காதது போலிருக்கும். அதன்பின் உள்ளே இருக்கும் ஈயம் திடீரென மின்னும், கம்பி தானாகவே ஒரு மயிரிழை கீழே இறங்கி உட்காரும். அந்தக் கணத்தில் இன்னும் சிறிது ஈயம் தொட்டு, அயர்னை எடுத்துவிட்டு, மின்னும் மேற்பரப்பு உறைந்து சற்று மங்கும்வரை கம்பியை அசைக்காமல் பிடித்திருங்கள். உறையும்போது அசைந்தால் பற்றில் நுண்ணிய விரிசல் விழும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் சமிக்ஞை வந்து வந்து போகும்.

காப்புப் பொருள் டெஃப்லானாக இருந்தால் இந்த வெப்பத்தைத் தாங்கும். மலிவான கனெக்டர்களில் அது சாதாரண பாலித்தீனாக இருக்கலாம். அப்படியானால் அது இளகி ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பற்றவைக்கும் முன் கீழ்ப்பக்கத்தில் பொருந்தும் ஆண் கனெக்டரை முடுக்கி வைத்துக்கொண்டால், அது ஊசியை நேராகப் பிடித்துக்கொள்வதோடு வெப்பத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது ரேடியல்கள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையையும் எம்3 திருகைச் சுற்றி வளையமாக வளைத்து, திருகு முடுக்கப்படும் திசையிலேயே வளையமும் சுற்றியிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் வளைத்தால் முடுக்க முடுக்க வளையம் விரிந்து வெளியே பிதுங்கும். மூலைத் துளைகளில் திருகு, வளையம், பல் வாஷர், நட்டு என்று வரிசையாகக் கோத்து இறுக்கினால் பற்றவைப்பு தேவைப்படாது. நான்கும் பெருக்கல் குறிபோல மூலைகளிலிருந்து வெளிநோக்கி நீளட்டும். இப்போது கொறட்டால் வளையத்தை ஒட்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேபிள் வரும் பக்கமாக 45 பாகை கீழே சாய்க்கவேண்டும். கோணமானி வேண்டியதில்லை, சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் கிடைக்கும் முக்கோணம் 45 பாகையைச் சரியாகக் காட்டும். அதை வைத்து ஒப்பிட்டுக்கொண்டால் போதும். நான்கில் ஒன்று இரண்டு பாகை தவறியிருந்தாலும் விமானங்களுக்கு அது தெரியப்போவதில்லை.

கடைசியில் அளவுக்கு வெட்டுதல். நடுக் கம்பியை வெள்ளைக் காப்புப் பொருளிலிருந்து ஊசி வெளிப்படும் இடத்திலிருந்து அளக்கவேண்டும். பற்றவைத்த கிண்ணத்தின் உயரமும் அந்த 66 மி.மீ.-க்குள் அடக்கம். இதைக் கவனிக்காமல், கிண்ணத்துக்கு மேலே தெரியும் கம்பியை மட்டும் அளந்து வெட்டினால் ஆன்டெனா தேவைக்கு மேல் நீண்டு, ஒத்திசைவு கீழிறங்கிவிடும். 67 மி.மீ.-இல் வெட்டிவிட்டு அரத்தால் ராவி 66-க்குக் கொண்டுவருவது பாதுகாப்பான வழி. ரேடியல்களைத் திருகின் மையத்திலிருந்து 70 மி.மீ. அளந்து வெட்டிவிடுங்கள். நுனிகள் கூர்மையாக இருக்கும். கண்ணுக்கு நேரான உயரத்தில் வைத்து வேலை செய்யும்போது கவனம் தேவை.

பற்றவைக்க வசதி இல்லாதவர்களுக்கு

தொலைக்காட்சிக் கேபிளில் பயன்படும் எஃப் வகைக் கனெக்டரில், இரு பக்கமும் பெண் முனையும் நடுவில் மரையும் கொண்ட இணைப்பான் ஒன்று உண்டு. 140 மி.மீ. அல்லது அதைவிடச் சற்று அதிக விட்டமுள்ள தகர டப்பா மூடியின் சரியான மையத்தில் துளையிட்டு, இந்த இணைப்பானை நட்டு வைத்து முடுக்கினால், மூடியே நான்கு ரேடியல்களின் வேலையைச் செய்யும். மேல் முனைக்குள் 1 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியைச் செருகினால் உள்ளிருக்கும் கவ்விகள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இங்கே மூடியின் மேற்பரப்பிலிருந்து நுனிவரை அளந்து 66 மி.மீ. வைக்கவேண்டும். மின்மறுப்பு 36 ஓமை ஒட்டி இருக்கும் என்பதாலும், சிறிய தட்டையான தகடு வாங்கும் வடிவத்தைச் சற்று மேல்நோக்கித் தூக்கிவிடும் என்பதாலும், தொடுவானத்தை ஒட்டிய தொலைதூர விமானங்களில் இது முதல் வடிவத்தைவிடச் சிறிது பின்தங்கும். மாலை நேரத்தில் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய வேலை என்பதால் குழந்தைகளோடு செய்து பார்க்க ஏற்றது. தகர விளிம்பு கையைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கேபிள்

ஆன்டெனாவில் செலுத்தும் அக்கறையைப் பலர் கேபிளில் செலுத்துவதில்லை. 1 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஆர்ஜி-58 கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 0.6 டெசிபெல் (திறன் எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) இழக்கிறது. 10 மீட்டர் போட்டால் 6 டெசிபெல் போய்விடும்; அதாவது ஆன்டெனா பிடித்த திறனில் கால் பங்குதான் ரிசீவரை அடையும். டாங்கிளோடு வரும் மெல்லிய ஆர்ஜி-174 வகைக் கேபிளின் இழப்பு இதைவிட அதிகம். மாறாக, தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிள் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபெல் மட்டுமே இழக்கும், விலையும் குறைவு.

ஆர்ஜி-6 என்பது 75 ஓம் கேபிள், நம் ஆன்டெனாவோ 50 ஓம் என்று சிலர் தயங்குவதுண்டு. 50-க்கும் 75-க்கும் இடையிலான பொருத்தமின்மையால் ஒரு சந்திப்பில் திரும்பிப்போகும் திறன் 4 விழுக்காடுதான், டெசிபெல்லில் 0.2-ஐக்கூட எட்டாது. அந்தச் சிறு இழப்புக்கு அஞ்சி 6 டெசிபெல் இழக்கும் கேபிளைத் தேர்ந்தெடுப்பது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை. ஆனால் ஆர்ஜி-6 கேபிளின் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், அதில் ஈயம் ஒட்டாது என்பதை மனத்தில் வைக்கவேண்டும். ஆகவே பற்றவைக்க முயலாமல், அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டரைப் போட்டு, எஃப்-இலிருந்து ‘என்’ வகைக்கும், மறுமுனையில் எஃப்-இலிருந்து டாங்கிளில் உள்ள எஸ்.எம்.ஏ. அல்லது எம்.சி.எக்ஸ். வகைக்கும் மாற்றும் அடாப்டர்களைப் பயன்படுத்துவதே சரி.

இன்னும் சிறந்த வழி, கேபிளையே குறைப்பது. சிறிய ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றையும் டாங்கிளையும் மழை படாத பெட்டியில் வைத்து ஆன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்திவிட்டு, தகவலை மட்டும் வலையமைப்பு வழியாகக் கீழே கொண்டுவரலாம். அப்போது கேபிள் ஒரு மீட்டரில் முடிந்துவிடும்.

பொருத்துமிடம்

ரேடியோ அலைகளின் தொடுவானத் தொலைவைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஆன்டெனாவின் உயரம், விமானத்தின் உயரம் இரண்டுக்கும் மீட்டரில் தனித்தனியாக வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் பங்கு 412 கி.மீ.; 9 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவின் பங்கு வெறும் 12 கி.மீ. இதைப் பார்த்தவுடன் ஆன்டெனாவின் உயரத்தால் பயனில்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. உயரம் தேவைப்படுவது பூமியின் வளைவைத் தாண்டுவதற்காக அல்ல. பக்கத்துக் கட்டடங்கள், மரங்கள், நீர்த்தொட்டிகள் ஆகியவற்றின் தலைக்கு மேலே பார்ப்பதற்காகவே. தொலைவில் உள்ள விமானம் தொடுவானத்துக்கு ஓரிரு பாகை மேலேதான் தெரியும் என்பதால், அந்தத் திசையில் நிற்கும் ஒரு மாடிக் கட்டடம் அந்தப் பக்கத்தை முழுதாக மூடிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் ஈரமான இலைகளும் இந்த அலைகளை வெகுவாகத் தடுக்கும்.

ஆன்டெனா குழாயின் உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே நிற்கவேண்டும். குழாயின் பக்கவாட்டில் கட்டினால், உலோகக் குழாய் ஒரு பக்கத்தை மறைத்து, அனைத்துத்திசை என்ற பெயரையே பொய்யாக்கிவிடும். கேபிளைக் குழாயின் உள்ளே இறக்கி, கனெக்டருக்குக் கீழே உள்ள பகுதியைக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டலாம். அடர்த்தியான பிளாஸ்டிக் குழாய் இதற்குப் போதும்.

மழைநீர் நுழையும் இடங்கள் இரண்டு. ஒன்று, நடு ஊசி காப்புப் பொருளைத் தொடும் இடம்; மற்றொன்று, கீழே கேபிள் இணையும் இடம். முதலாவதைச் சுற்றிச் சிலிக்கோன் பசையைச் சிறிதளவு பூசுங்கள். புளித்த வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் வகை அமிலத்தை வெளியிட்டுச் செம்பை அரிக்கும்; ஆகவே வாடையற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்கவேண்டும். கேபிள் இணைப்பைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு இழுத்துச் சுற்றுங்கள். அப்படிச் சுற்றினால் நீர் மடிப்புகளுக்குள் இறங்காமல் வழிந்தோடிவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் அதைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆழத்துக்குள்ளேயே ஓடுகிறது. எனவே கம்பிகளுக்கு நிறமற்ற வார்னிஷை மெல்லியதாகப் பூசிப் பரப்பைப் பாதுகாப்பது நல்லது.

மின்கம்பிகளுக்கு அருகில் ஒருபோதும் குழாயை நிறுத்தக்கூடாது. குழாய் சாய்ந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தொலைவு இருக்கவேண்டும். உலோகக் குழாயாக இருந்தால் தடித்த கம்பியால் தரையிணைப்புக் கொடுக்கவேண்டும். இடி மின்னல் காலத்தில் டாங்கிளைக் கேபிளிலிருந்து கழற்றி வைப்பது நல்லது என்றாலும், மின்னலுக்கு முன்பே கழற்றவேண்டும். வானம் அதிரத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடுவது ஆபத்து.

சோதித்துப் பார்த்தல்

மல்டிமீட்டரைக் கொண்டு கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளியுடலுக்கும் இடையே அளந்தால் தொடர்பே இருக்கக்கூடாது. நடு ஊசிக்கும் கம்பியின் நுனிக்கும் இடையே முழுத் தொடர்பு இருக்கவேண்டும். கேபிளையும் இதேபோல் தனியாகச் சோதியுங்கள். எஃப் கனெக்டருக்குள் ஒரேயொரு பின்னல் இழை நழுவி நடுக் கம்பியைத் தொட்டாலும் எல்லாம் கெட்டுவிடும். நானோவி.என்.ஏ. எனப்படும் சிறு அளவி கையில் இருந்தால், அது 1090 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்குமா என்பதை முதலில் பாருங்கள். எல்லா மாதிரிகளும் அவ்வளவு உயரம் எட்டுவதில்லை. ஆன்டெனாவின் மின்மறுப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யு.ஆர். அளவு 2-க்குக் கீழே இருந்தால் மேலும் சுரண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கருவி இல்லாதவர்களுக்கு விமானங்களே அளவுகோல். டம்ப்1090 வினாடிக்கு எத்தனை செய்திகள் வருகின்றன, மிகத் தொலைவில் உள்ள விமானம் எங்கே என்பனவற்றைக் காட்டும். வானப் போக்குவரத்து மணிக்கு மணி மாறுவதால் காலையில் பழைய ஆன்டெனாவையும் மாலையில் புதியதையும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே இடத்தில், ஒரே கேபிளில், சில நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றிப் பலமுறை பார்க்கவேண்டும். டாங்கிளின் ஈட்ட அமைப்பையும், அதாவது அது சமிக்ஞையைப் பெருக்கும் அளவையும், குறைத்துப் பாருங்கள். அருகில் செல்லும் விமானத்தின் வலுவான சமிக்ஞை ரிசீவரைத் திணறடித்துக்கொண்டிருந்தால், ஈட்டத்தைக் குறைக்கும்போது செய்திகளின் எண்ணிக்கை கூடும். முன்பெருக்கி சேர்க்க விரும்பினால் அதை ஆன்டெனாவின் அடியில் வையுங்கள்; கேபிளில் இழந்த பின் ரிசீவர் அருகே பெருக்கினால், சமிக்ஞையோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

அதிக ஈட்டம் வேண்டுமென்றால்

கோஆக்சியல் கேபிளைத் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் நடுக் கம்பி அடுத்ததன் வெளிப்பின்னலிலும், ஒன்றின் வெளிப்பின்னல் அடுத்ததன் நடுக் கம்பியிலும் சேருமாறு மாற்றி மாற்றி இணைத்து அடுக்கும் கோலினியர் ஆன்டெனா இதற்கு அடுத்த படி. ஒவ்வொரு துண்டும் கேபிளுக்குள் அரை அலைநீளம் இருக்கவேண்டும். கேபிளுக்குள் அலை மெதுவாகச் செல்வதால் 137.5 மி.மீ. என்ற அரை அலைநீளத்தை அந்தக் கேபிளின் வேகக் காரணியால் (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அலை அதற்குள் செல்கிறது என்ற எண்ணால்) பெருக்கவேண்டும். திட பாலித்தீன் உள்ள ஆர்ஜி-58-க்கு அது 0.66, துண்டின் நீளம் 91 மி.மீ. ஆகும். நுரை பாலித்தீன் உள்ள ஆர்ஜி-6-க்கு 0.82 முதல் 0.85 வரை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். 0.83 என்று நம்பி 114 மி.மீ.-இல் எட்டுத் துண்டுகள் வெட்டியபின் உண்மைக் காரணி 0.85 என்றிருந்தால், ஒவ்வொரு துண்டிலும் ஏற்படும் பிழை அடுத்தடுத்துச் சேர்ந்து, ஆன்டெனா தொடுவானத்தை நோக்காமல் மேலோ கீழோ நோக்கத் தொடங்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் துண்டுகளை இரட்டிப்பாக்குவதால் கிடைக்கும் கூடுதல் அதிகபட்சம் 3 டெசிபெல்தான். அந்தக் கூடுதலும் மேல்நோக்கிய பகுதியைச் சுருக்கித்தான் கிடைக்கிறது. ஆகவே அருகில், உயரத்தில் பறக்கும் விமானங்கள் முன்பைவிட மங்கும். கேபிளின் பெட்டியில் வேகக் காரணி அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். இல்லையேல் நேரம்தான் வீணாகும்.

வேறு அதிர்வெண்களுக்கு

இதே வடிவத்தை வேறு அதிர்வெண்களுக்கும் செய்யலாம். நடுக் கம்பி 433.92 மெகாஹெர்ட்ஸுக்கு 166 மி.மீ., 868 மெகாஹெர்ட்ஸுக்கு 83 மி.மீ., வைஃபை பட்டையின் நடுவான 2442 மெகாஹெர்ட்ஸுக்கு 29.5 மி.மீ. என்று கணக்கு வரும். ரேடியல்களை 5 விழுக்காடு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை அளவில் அரை மில்லிமீட்டர்கூடக் கணக்கில் வரும் என்பதால் மெல்லிய கம்பியும் ‘என்’ வகைக் கனெக்டரும் அங்கே கட்டாயம் என்றே சொல்வேன். வாங்குவதோடு அலைகளை அனுப்பவும் செய்யும் கருவியில் இந்த ஆன்டெனாவை இணைத்தால், ஆன்டெனாவின் ஈட்டமும் சேர்த்து வெளிப்படும் திறனுக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு உச்சவரம்பு உண்டு. விமானத் தகவல்களை வாங்குவது, பிறருடன் பகிர்வது ஆகியவற்றிலும் சில நாடுகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இணைக்கும் முன் உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.